ஊர்ப்பெயரும் உழவர் பெயரும்

ராஜபாளையம் என்றால் நாய், ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் பால்கோவா. தமிழ்நாட்டில் எவரிடம் கேட்டாலும் இதுதான் பதில். (ஆண்டாளையும் கோபுரத்தையும் விட்டுவிட்டதாக எவரும் கோபிக்க வேண்டாம், அது வேறு கட்டுரை.) இரண்டும் அரசுப் பதிவேட்டில் ஏறிவிட்டன. பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ராஜபாளையம் நாயின் படம் 2005இல் அஞ்சல் தலையாக வந்தது. 2020இல் சிப்பிப்பாறை, முதோல் நாய்களோடு அதுவும் நாட்டு இனமாகப் பதிவாயிற்று. அதற்கு முன் இந்தியாவில் எந்த நாயினமும் அவ்வாறு பதிவானதில்லை.

இரண்டு பதிவிலும் ஊர் இருக்கிறது, ஆள் இல்லை. வேளாண் புதுமைக்காக உழவரைப் பாராட்டும்போது இந்த விடுபடலைப் பேசாமல் இருக்க முடியவில்லை.

பால்கோவாவை இனிப்பாகவே எண்ணிப் பழகிவிட்டோம். மாடு வைத்திருப்பவர் பார்வையில் அது பாலைக் கெடாமல் காக்கும் உத்தி. குளிரூட்டும் நிலையம் இல்லாத காலத்தில் காலையில் கறந்த பால் பொழுது சாய்வதற்குள் திரிந்துவிடும். விற்றது போக மிஞ்சியது நட்டம். அந்தப் பாலைச் சுண்டக் காய்ச்சிச் சர்க்கரையைச் சேர்த்தால், நுண்ணுயிர் பெருகுவதற்கு வேண்டிய ஈரம் அதில் குறைந்துவிடுகிறது. சில மணி நேரமே தாங்கும் பண்டம் சில நாள் தாங்கும். பேருந்தேறி வெளியூரும் போகும். பாலின் புரதமும் பால்சர்க்கரையும் நெடுநேரச் சூட்டில் கூடித்தான் அந்த நிறத்தையும் மணத்தையும் தருகின்றன. புளிய விறகின் நின்றெரியும் தீயும், அடிபிடிக்க விடாமல் கிண்டிக்கொண்டே இருக்கும் கையும் இதற்கு வேண்டும். பாலும் சர்க்கரையும் தவிர மூன்றாவது பொருள் கிடையாது.

புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999இல் இயற்றப்பட்டு 2003இல் நடைமுறைக்கு வந்தது. அதில் உற்பத்தியாளர் யார் என்பதற்குத் தரப்பட்டுள்ள விளக்கத்தை நிதானமாகப் படிக்க வேண்டும். விளைபொருளானால் விளைவிப்பவர், செய்பொருளானால் செய்பவர், அவற்றில் வணிகம் நடத்துகிறவரும் சேர்த்தி. பால்கோவா செய்பொருள். ஆகவே அடுப்படியில் நிற்பவர் உற்பத்தியாளர், கல்லாவில் இருப்பவரும் உற்பத்தியாளராகலாம். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் மாட்டை மேய்த்துப் பால் ஊற்றுகிறவர் அந்த வரையறைக்கு வெளியே நிற்கிறார். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால் கூட்டுறவுச் சங்கமே பால்கோவா காய்ச்சி விற்பதால் அவருக்கு ஒரு பக்கவாட்டு வழி திறந்திருக்கிறது. பால் ஊற்றுகிறவரே சங்க உறுப்பினர். ஊர்ப்பெயரால் வரும் மதிப்பு தொழுவம் வரை போக ஒரு வாய்க்கால் வெட்டப்பட்டிருக்கிறது என்றால், என் கணிப்பில் அது இந்தச் சங்கம்தான். குறியீட்டுச் சான்றிதழ் அன்று.

பருத்தியின் நிலை வேறு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. அங்கே உருவான ரகங்கள் எஸ்.வி.பி.ஆர். 2, எஸ்.வி.பி.ஆர். 4 என ஊரின் பெயரையே தாங்கி வெளிவந்தன. பக்கத்திலேயே, 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில்லும் அதன் பின் வந்த நூற்பாலைகளும். பஞ்சு கேட்கும் ஆலையும், விதை தரும் நிலையமும், நடுவில் கரிசல் காடும் இப்படி அடுத்தடுத்து அமைவது எல்லா வட்டாரத்துக்கும் வாய்ப்பதில்லை. இங்கே ஆராய்ச்சியாளர் பெயர் ஆவணத்தில் இருக்கும், ஆலை நிறுவியவர் பெயர் ஊர் முழுக்க இருக்கும். நடுவில் நின்றவர், அதாவது விதையை வாங்கித் தன் காட்டில் போட்டுப் பார்த்து, காய்ப்புழுவுக்கும் பருவம் தப்பிய மழைக்கும் எது தாங்கிற்று என்று தீர்ப்புச் சொன்னவர், பேரேட்டில் விழவில்லை.

மாவுக்கு அந்த ஆவணமும் இல்லை. ராஜபாளையம் வட்டாரத்தின் சப்பட்டை, பஞ்சவர்ணம் ஆகியவற்றை உண்டவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. மாங்கொட்டையை ஊன்றினால் பெரும்பாலும் தாய்மரத்தின் பழம் அப்படியே வருவதில்லை. பழைய நல்ல ரகம் பெரும்பாலும் ஆதியில் ஏதோ ஒரு தோப்பில் தற்செயலாய் முளைத்த கன்று. அதன் பழத்தைத் தின்று பார்த்த ஒருவர், இந்த மரம் தனி என்று கண்டு, கிளையெடுத்து ஒட்டுக்கட்டியதால்தான் அது ரகமாயிற்று. அந்தக் கண்டறிதல் ஆய்வுக்கூடத்தில் நடந்திருந்தால் வெளியீட்டு ஆண்டும் உரியவர் பெயரும் நமக்குத் தெரிந்திருக்கும்.

நம் விருதுகள் எடையில் நாட்டம் கொண்டவை. திருந்திய நெல் சாகுபடியில் மாநிலத்திலேயே அதிக விளைச்சல் எடுப்பவருக்குத் தமிழ்நாடு அரசு சி. நாராயணசாமி நாயுடு பெயரில் ரூ. 5 லட்சம் பரிசு தருகிறது. அதிகாரிகள் முன்னிலையில் அறுவடை செய்து நிறுத்துப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். நேர்மையான ஏற்பாடு, அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் தராசில் ஏறாத புதுமைகள் உண்டு. ஒரு மரத்தை வெட்டாமல் வைத்திருந்ததும் புதுமையே. அதற்கு எத்தனை கிலோ போடுவது?

இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டவர்களுள் அகமதாபாத்தின் பேராசிரியர் அனில் குப்தா முக்கியமானவர். உழவரிடம் பெற்ற அறிவை அவர் பெயரோடுதான் வெளியிட வேண்டும், அவர் மொழிக்கே அது திரும்பி வர வேண்டும் என்பது குப்தா தொடங்கிய தேனீ வலையமைப்பின் நெறி. அதன் தமிழ் இதழான ‘நம்வழி வேளாண்மை’ மதுரையிலிருந்து சேவா அமைப்பின் வழியே வந்தது. தேசியப் புத்தாக்க நிறுவனம் 2000இல் எழுந்ததும் அந்த முயற்சியின் தொடர்ச்சியே.

சட்டத்திலும் ஒரு கதவு உண்டு. 2001இன் பயிர் ரகங்கள் மற்றும் உழவர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின்படி உழவர் தம் ரகத்தைக் கட்டணமின்றிப் பதிவு செய்யலாம். பாரம்பரிய ரகங்களைக் காத்த சமூகத்துக்கு விருதுண்டு. தனி உழவருக்குரிய பரிசும் உண்டு. சட்டம் சமூகத்தையும் உரியவராக ஏற்பது நம் வட்டாரத்துக்குப் பொருத்தமானது. சப்பட்டையை முதலில் ஒட்டுக்கட்டிய கை எது என்று இன்று நிறுவ வேண்டியதில்லை. எந்தெந்தத் தோப்பில் எத்தனை வயது மரம் நிற்கிறது, ஒட்டுக்கன்று எங்கிருந்து வந்தது, காத்தவர் யார் என்று ஊர்வாரியாக எழுதிக் கொடுத்தால் விண்ணப்பத்துக்கு அடித்தளம் ஆயிற்று. உழவரைப் பாராட்டி விழா நடத்தும் அமைப்புகள் அடுத்த மாம்பழப் பருவத்துக்குள் இந்தக் கணக்கெடுப்பை வேளாண் கல்லூரி மாணவர்களிடம் ஒப்படைக்கலாம். சால்வைக்கு ஆகும் செலவுக்குள் முடியக்கூடிய வேலை.