வேலுக்கு ப்ளஸ் த்ரீ போட்ட கதை

(பேசின எபிசோடோட எழுத்து வடிவம். படிக்க வசதியா அங்கங்க சுருக்கியிருக்கேன்.)

இன்னைக்கு எபிசோட் கொடைக்கானல்ல ஒரு காட்டேஜ்ல ஆரம்பிச்சு, அமெரிக்காவுல ஒரு சின்ன ஊருக்குப் போயிட்டு, பழனி மலை அடிவாரத்துல வந்து முடியும். ஒரு மாய ஆயுதத்தோட கதை. டிசைன் பண்ணது நான். சொதப்பினதும் நான்தான்.

போன டிசம்பர். நாங்க அஞ்சு பேர், ரெண்டு நாள் லீவ். வெளியில பனிமூட்டம், பத்தடிக்கு அப்பால எதுவும் தெரியல. சாயங்காலமே கரண்ட் போயிடுச்சு. எமர்ஜென்சி லைட்டை மேசையில வெச்சுட்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட உக்காந்தோம்.

ஆடிப் பழக்கம் இல்லாதவங்களுக்குச் சுருக்கமா சொல்லிடறேன். ஒருத்தர் கதை சொல்லுவார், அவர் டன்ஜன் மாஸ்டர். மத்தவங்க ஆளுக்கு ஒரு கேரக்டர். "நான் அரக்கனைக் குத்துறேன்"னு நீங்க சொன்னா, குத்து பட்டுச்சா இல்லையான்னு இருபது பக்க டைஸ் முடிவு பண்ணும். புத்தகத்துல இல்லாத ஒரு ஆயுதத்தை நாமளே உருவாக்கிச் சேர்த்தா, அதுக்கு ஹோம்ப்ரூன்னு பேரு.

அன்னைக்கு மாஸ்டர் நான். கதை நடக்கிற இடம் பழனி மலைத் தொடர். அப்போ புதையலா என்ன வைக்கலாம்? நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கல. முருகனோட வேல். தாக்குதலுக்கும் அடிக்கும் ப்ளஸ் த்ரீ. ஒவ்வொரு அடிக்கும் கூடுதலா ரெண்டு ஆறு பக்க டைஸ் அளவுக்கு நெருப்பு. எறிஞ்சா கைக்குத் திரும்பி வரும். என் ரூம்மேட்டோட வீரனுக்கு அது கிடைச்சுது. முதல் ஒரு மணி நேரம் செம ஜாலி. ரெண்டாவது மணி நேரத்துல அவன் மட்டும்தான் ஆடிட்டு இருந்தான். எங்க கூட வந்த ஒரு தோழி, வாள் வீராங்கனையா முதல் தடவை ஆடினவ, மெதுவா எழுந்து போய் மேகி கிண்ட ஆரம்பிச்சுட்டா.

மறுநாள் காலையில பனி விலகிடுச்சு. குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குப் போனோம். 1936-ல கட்டின கோயில். வானம் தெளிவா இருந்தா அங்கிருந்து கீழே பழனி மலை தெரியும். அன்னைக்குத் தெரிஞ்சுது. அதைப் பாத்துட்டே அவ சொன்னா: "நேத்து நான் இருந்தாலும் இல்லைன்னாலும் கேம் ஒண்ணும் மாறியிருக்காதுடா." கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொண்ணும் சொன்னா: "எங்கப்பா வருஷா வருஷம் தைப்பூசத்துக்கு சிவகங்கைப் பக்கத்துல இருந்து அங்க நடந்து போறாரு. காலெல்லாம் கொப்புளம். அவரு கும்பிடுற வேலுக்கு நீ ப்ளஸ் த்ரீ போட்டு வெச்சிருக்க."

எனக்குப் பதில் சொல்ல வரல. மலையிறங்கி வர்ற வழியெல்லாம் இந்த ரெண்டு வாக்கியமும்தான் மண்டைக்குள்ள ஓடிட்டு இருந்துச்சு. ரெண்டும் வேற வேற பிழைன்னுதான் அப்போ நினைச்சேன். ஒண்ணு கணக்குப் பிழை, இன்னொண்ணு மரியாதைப் பிழை. ஊருக்கு வந்து இந்த விளையாட்டோட வரலாற்றைத் தோண்ட ஆரம்பிச்சதும்தான் தெரிஞ்சுது, ரெண்டையும் எனக்கு முன்னாடியே பெரிய ஆளுங்க பண்ணியிருக்காங்கன்னு.

முதல்ல கணக்கு. இருபது பக்க டைஸ்ல ப்ளஸ் ஒண்ணுங்கிறது அஞ்சு சதவீதம். ப்ளஸ் த்ரீன்னா பதினஞ்சு சதவீதம். பெருசாத் தெரியாது. ஒரு தொடக்க நிலை வீரனை எடுத்துக்குங்க. தாக்குதல் ப்ளஸ் 5, எதிரியோட கவச எண் 15. டைஸ்ல 10 இல்லைன்னா அதுக்கு மேல விழணும், அதாவது 55 சதவீத வாய்ப்பு. சாதாரண ஈட்டியோட சராசரி அடி, உடல் பலத்தையும் சேர்த்து, 6.5. பெருக்கினா ஒரு முறைக்கு 3.6. இப்போ என் வேலைக் கையில குடுங்க. வாய்ப்பு 70 சதவீதம் ஆயிடும். அடி 16.5. பெருக்கினா 11.55. மூணு மடங்குக்கும் மேல! என் தோழியோட வாள் தந்தது 4.1. வாய்ப்பும் ஏறுது, அடியும் ஏறுது, ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பெருக்குது. இன்ஜினியரிங் படிச்சவன், ஒரு நிமிஷம் கால்குலேட்டரைத் தட்டியிருந்தா தெரிஞ்சிருக்கும்.

சரி, இந்த விளையாட்டை உருவாக்கினவங்க இதை எப்படிச் சமாளிச்சாங்க? 1974. அமெரிக்காவுல விஸ்கான்சின் மாநிலம், லேக் ஜெனீவாங்கிற சின்ன ஊர். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன்னு ரெண்டு பேர் மூணு சின்னப் புத்தகங்களை ஒரு பெட்டியில போட்டு வித்தாங்க. அதுல மாய வாளை வீரர்கள் மட்டும்தான் தூக்கலாம், மந்திரவாதி தொடக்கூடாது. மந்திரவாதிகிட்ட ஏற்கெனவே மந்திரம் இருக்கே, அதுக்கு ஈடா இது. அந்த வாள்களுக்குப் புத்தியும் ஈகோவும் வேற உண்டு. உங்களை விட வாளுக்கு ஈகோ அதிகமா இருந்தா அது உங்களை ஆட்டிப் படைக்கும். பலமான ஆயுதம் வேணுமா? அப்போ அதோட பிடிவாதத்தையும் சகிச்சுக்கணும்.

1976-ல எல்ட்ரிச் விசர்ட்ரின்னு ஒரு இணைப்புப் புத்தகம் வந்துச்சு. வெக்னாவோட கை, வெக்னாவோட கண் மாதிரி பயங்கரப் பொருட்கள் அதுலதான் அறிமுகம். அந்தக் கையோட சக்தி வேணும்னா உங்க கையை இழந்துட்டுத்தான் அதைப் பொருத்தணும். விலை வெளிப்படையாவே தெரியுது. 1979-ல வந்த மாஸ்டர் கையேட்டுல இந்த மாதிரிப் பொருட்களுக்குப் பக்கத்துல வெறும் கோடு போட்டு விட்டிருந்தாங்க. சக்தி என்ன, பக்கவிளைவு என்னன்னு மாஸ்டரே எழுதிக்கணும். ஹோம்ப்ரூ பண்ணச் சொல்லி அதிகாரபூர்வமாவே காலி இடம் விட்ட புத்தகம் அது.

2000-ல மூணாவது பதிப்பு இதைக் கணக்கா மாத்திடுச்சு. ஆயுதத்தோட ப்ளஸ் எண்ணை அதே எண்ணால பெருக்கி, அதை 2,000 தங்கக் காசால பெருக்கணும். ப்ளஸ் ஒண்ணு 2,000. ப்ளஸ் ரெண்டு 8,000. ப்ளஸ் மூணு 18,000. விலை ஏன் நேர்கோட்டுல ஏறலன்னு இப்போ உங்களுக்கே புரியும், கொஞ்சம் முன்னாடி நாம பாத்த அதே பெருக்கல்தான். 2014-ல அஞ்சாவது பதிப்பு ப்ளஸ் த்ரீயோட ஆயுதங்களை நிறுத்திடுச்சு. சக்தி வாய்ந்த பொருளோட உங்க கேரக்டர் மனசளவுல பிணையணும்னு ஒரு விதி. ஒரே நேரத்துல மூணு பொருளோடதான் பிணைய முடியும். நாலாவது வேணுமா, ஒண்ணை விடணும்.

நாப்பது வருஷம். ஈகோ, வெட்டின கை, தங்கக் காசு, மூணு பொருள் வரம்பு. எல்லாமே ஒரே கேள்விக்கான பதில்கள்: இந்தப் பக்கம் இவ்வளவு பலம் வெச்சா, அந்தப் பக்கம் என்ன வைக்கணும்?

இப்போ ரெண்டாவது பிழை. 1980-ல அதே கம்பெனி டெய்ட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ்னு ஒரு புத்தகம் போட்டாங்க. உலகத்துக் கடவுள்களுக்கெல்லாம் கவச எண், உயிர்ப்புள்ளி எல்லாம் போட்ட புத்தகம். கிரேக்கம், எகிப்து, நார்ஸ். கூடவே இந்தியா. இந்திரன், விஷ்ணு, காளி, லட்சுமியோட கார்த்திகேயனும் உண்டு. ஆமா, நம்ம முருகன்தான். அவரை எத்தனை அடி அடிச்சா சாய்க்கலாம்னு நான் பொறக்கிறதுக்கு முன்னாடியே ஒருத்தர் எண் போட்டு வெச்சிருக்கார்.

அதுல இன்னொரு விஷயம் என்னைத் தூங்க விடல. அதே புத்தகத்தோட முதல் அச்சுல லவ்கிராஃப்ட் கற்பனைப் பண்ணின கதுல்ஹு, மைக்கேல் மூர்காக்கோட எல்ரிக் கதை உலகம் ரெண்டும் இருந்துச்சு. அடுத்தடுத்த அச்சுகள்ல அந்த ரெண்டையும் எடுத்துட்டாங்க. அந்தக் கதைகளை வெச்சு விளையாட்டு போடுற உரிமை இன்னொரு கம்பெனிகிட்ட இருந்துச்சு. எழுத்தாளர் கற்பனையில பொறந்த கடவுள்கள் வெளிய போனாங்க. கோடிக்கணக்கான ஜனங்க இன்னைக்கும் கும்பிடுற கடவுள்கள் உள்ளயே இருந்தாங்க. ஏன்னா அவங்களுக்காகக் கேக்க ஒரு பப்ளிஷர் இல்ல. நான் அவங்களைக் குத்தம் சொல்ல வரல. கொடைக்கானல்ல எமர்ஜென்சி லைட் வெளிச்சத்துல நானும் அதைத்தானே பண்ணேன்? எனக்காவது பக்கத்துல உக்காந்து கேக்க ஒரு ஆள் இருந்தா.

அப்புறம்தான் நம்ம கதைகளை ஒரு டிசைனர் கண்ணோட பாத்தேன். கர்ணனை எடுத்துக்குங்க. கவச குண்டலத்தை அறுத்துக் குடுத்ததுக்குப் பதிலா இந்திரன்கிட்ட இருந்து சக்தி ஆயுதம் வாங்குறான். யாரையும் கொல்லும், ஆனா ஒரே ஒரு தடவைதான். அர்ஜுனனுக்காகப் பொத்திப் பொத்தி வெச்சிருந்தான். பதினாலாம் நாள் ராத்திரி கடோத்கஜன் கௌரவப் படையைத் துவம்சம் பண்ணும்போது, வேற வழியில்லாம அவன் மேல விட்டுடறான். கேம் ஆடுறவங்களுக்கு இந்த வலி தெரியும். கடைசி பாஸுக்குன்னு சேர்த்து வெச்ச பொருளை நடுவுலயே செலவழிச்ச வலி. நாகாஸ்திரம் இன்னும் அழகு. தமிழ்ல நாம கேட்டு வளர்ந்த கதைப்படி, அதை ரெண்டாவது தடவை விடக்கூடாதுன்னு குந்தி வரம் வாங்கிடறா. 1964-ல வந்த கர்ணன் படத்தை டிவியில பாத்தவங்களுக்கு அந்தக் காட்சி ஞாபகம் இருக்கும். அங்க வரம்பு போடுறது விதிப்புத்தகம் இல்ல, அவன் அம்மாவுக்குக் குடுத்த வாக்கு.

வேலும் அப்படித்தான். கந்தபுராணக் கதையில வேல் சூரபத்மனைப் பிளந்ததும் என்ன ஆச்சு? ஒரு பாதி மயில், மறு பாதி சேவல். ஒண்ணு வாகனம், இன்னொண்ணு கொடி. எதிரியையே கூட வெச்சுக்கிட்ட ஆயுதம் அது. அதுக்குப் போய் ரெண்டு டைஸ் நெருப்புன்னு எழுதினேன் பாருங்க, அது அந்தக் கதையவே நான் படிக்கலங்கிற மாதிரி.

அதைவிடப் பெரிய அசிங்கம் ஒண்ணு. நான் பழனியில வேலைத் தேட வெச்சேன். பழனி மூலவர் பேரு தண்டாயுதபாணி. தண்டத்தை ஆயுதமா வெச்சிருக்கிறவர்னு பேரே சொல்லுது. மாம்பழம் கிடைக்காம எல்லாத்தையும் விட்டுட்டு வந்து ஆண்டிக் கோலத்துல நிக்கிற சாமி, கையில ஒரு கோல். எத்தனையோ தடவை படியேறிப் போயிருக்கேன். கவனிச்சதே இல்ல.

படியேறும்போது பாதி வழியில இடும்பன் சன்னதி வரும். அவரைக் கும்பிட்டுட்டுத்தான் மேல போவாங்க. அவரோட கதை இது: அகத்தியர் சொன்னார்னு சிவகிரி, சக்திகிரின்னு ரெண்டு குன்றை ஒரு தண்டத்துல, பாம்புகளைக் கயிறாக் கட்டி, தோள்ல தூக்கிட்டுத் தெற்கே வர்றார். திருவாவினன்குடி பக்கத்துல களைப்பாறக் கீழே வைக்கிறார். திரும்பத் தூக்கினா ஒரு குன்று அசையல. அது மேல ஒரு சின்னப் பையன் நின்னுட்டு இருக்கான். காவடி எடுக்கிற வழக்கம் இந்தக் கதையில இருந்துதான் வந்துச்சுன்னு சொல்லுவாங்க.

காவடி! ரெண்டு பக்கமும் எடை, நடுவுல ஒரு தோள். ஒரு பக்கம் மட்டும் ஏத்தினா நடக்க முடியாது. ஆயுதம் டிசைன் பண்றதுக்கு இதைவிட நல்ல படம் லேக் ஜெனீவாவுல கிடைக்காது.

அதனால புதுசா ஒண்ணு எழுதினேன். சாமி பேரு கிடையாது. "மலை தூக்கியோட கம்பு." ரெண்டு கையால பிடிச்சு ஆடுற சாதாரணக் கம்பு, ப்ளஸ் ஒண்ணு. கணக்குப் போட்டா ஒரு முறைக்கு 5.1. பக்கத்துல இருக்கிற வாளோட 4.1-ஐ விடக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான். இனிமேதான் மாயம். கூட இருக்கிறவங்க மேல விழுற அடியை, கம்பு வெச்சிருக்கிறவர் தன் மேல வாங்கிக்கலாம். ஒரு நாளைக்கு மூணு தடவை. ஒவ்வொரு தடவையும் நடை வேகம் பத்தடி குறையும். மனுஷக் கேரக்டரோட வேகம் முப்பதடி. மூணாவது சுமையோட நின்ன இடத்துலயே நின்னுடுவீங்க, இடும்பன் மாதிரி. கூட இருக்கிற யாராவது தன் முறையை விட்டுக்குடுத்து ஒரு கை பிடிச்சாத்தான் திரும்ப நகர முடியும்.

இதை முதல்ல அவளுக்குத்தான் அனுப்பினேன், "இது ஓகேவா?"ன்னு. அவ ரெண்டு நாள் பதில் போடல. அப்புறம் ஒரு மெசேஜ்: "அப்பாகிட்ட சொன்னேன். சிரிச்சாரு. சுமக்கிறவனுக்குத் துணைக்கு ஆள் வெச்சியா, அது போதும்னாரு."

போன மாசம் ஆடினோம். கம்பு அவ கையில. மூணாவது சுமையை அவ வாங்கினது என் ரூம்மேட்டோட வீரனுக்காக. நகர முடியாம நிக்குறா, எதிர்ல அரக்கன். ரூம்மேட்டுக்கு அடிக்க நல்ல வாய்ப்பு. டைஸை கையில எடுத்தான், ஒரு தடவை அவளைப் பாத்தான், கீழே வெச்சுட்டான். "நான் போய் கம்பைப் பிடிக்கிறேன்." அன்னைக்கு யாரும் மேகி கிண்டப் போகல.

உங்ககிட்ட ஹோம்ப்ரூ ஆயுதம் இருந்தா எழுதி அனுப்புங்க. பலத்தை ஒரு வரியில, பாரத்தை ஒரு வரியில. ரெண்டாவது வரி காலியா இருந்தா இன்னும் முடிக்கலன்னு அர்த்தம்.

அப்புறம், பன்னெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மட்டும் வேலை செய்யுற ஒரு குறிஞ்சிப் பூ அம்பும் எழுதி வெச்சிருக்கேன். கடைசியா பூத்தது 2018, அடுத்தது 2030. அதுக்குள்ள எங்க கேம்பெயின் முடிஞ்சிடுமான்னு தெரியல. அடுத்த எபிசோட்ல பாக்கலாம், டாட்டா.