சாயவேரும் பனிச்சங்காயும்

மருதமுனைச் சாறத்தையும் சேலையையும் கேள்விப்படாதவர் கிழக்கிலங்கையில் இல்லை. கல்முனைக்கு வடக்கே கடலோர மணலில் அமைந்த இந்த முஸ்லிம் ஊர் தறியொலியால் பெயர் பெற்றது. கைத்தறியைப் பற்றி இன்று பேசுவோர் பலர் 'இயற்கைச் சாயம்' என்னும் சொல்லையும் உடன் சேர்த்தே பேசுகின்றனர். இலையிலும் வேரிலும் இருந்து நிறம் எடுத்த காலம் துயரமற்ற ஒரு பொற்காலமாகக் காட்டப்படுகிறது. அக்காலத்தின் அறிவை நாமும் மதிக்கிறோம். ஆயின் அந்த நிறத்தை எடுத்த கைகள் யாருடையவை, அக்கைகளுக்குக் கிடைத்தது என்ன என்று கேளாமல் அப்பொற்காலத்தைக் கொண்டாட நம்மால் இயலவில்லை.

நம் கரையோரத்து வீடுகள் சாயத்தொழிலுக்குப் புதியவை அல்ல. நைலான் நூல் வருவதற்கு முன், மீனவரின் பருத்தி நூல் வலைகள் உப்புநீரில் விரைவில் இற்றுப்போகும். அதைத் தடுக்கப் பனிச்சை மரத்தின் முற்றாத காயை இடித்து, நீரில் ஊறவைத்து, அந்தத் துவர்ச்சாற்றில் வலையைத் தோய்த்து வெயிலில் உலர்த்துவர். மீண்டும் தோய்ப்பர், மீண்டும் உலர்த்துவர். வலை கரும்பழுப்பாகும், நூல் உறுதிப்படும். பனிச்சங்கேணி என்று ஓர் ஊருக்கே பெயர் தந்த மரம் இது. இவ்வேலையை எவரும் கலை என்று அழைக்கவில்லை. அது பசியின் வேலை.

மற்றொன்று மருதோன்றி. பெருநாளுக்கும் கலியாணத்துக்கும் அரைத்து இடும் அந்த இலை கையில் நாட்கணக்கில் நிற்கிறது. பருத்தித் துணியிலோ அவ்வாறு பற்றுவதில்லை. தோல், பட்டு, கம்பளி ஆகியவை புரதப் பொருள்கள். மருதோன்றியின் நிறம் அவற்றோடு எளிதில் சேரும். பருத்தி அப்படியன்று. மஞ்சள் பருத்தியில் ஏறும். வெயில் பட்டால் வெளுத்துவிடும். ஆகவே வீட்டில் துணிக்குச் சாயமிட முனையும் எவரும் முதலில் தேட வேண்டியது நிறத்தையன்று, நிறத்தைப் பிடித்து வைக்கும் பொருளை. கடுக்காயின் துவர்ப்பும் படிகாரமும் அந்த வேலையைச் செய்தன. இரும்புத் துருவைப் புளிக்கவைத்த நீர் கடுக்காயோடு கூடினால் கறுப்பு. படிகாரம் சாயவேரோடு கூடினால் சிவப்பு. சாயக்காரர் சிலர் படிகாரத்துக்குப் பதில் காயா மரத்தின் இலையைப் பயன்படுத்தினர். அவ்விலையில் அலுமினியம் செறிந்திருக்கிறது என்பதை ஆய்வுகூடங்கள் பிற்காலத்தில்தான் கண்டன. எழுத்தறியாதவர் என்று நாம் ஒதுக்கிய மக்கள் அதனை நாவினாலும் விரலினாலும் அறிந்திருந்தனர்.

அந்தச் சாயவேரின் கதையையே நாம் விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். சித்த மருத்துவர் இம்பூறல் என்று அழைக்கும் இச்செடி தரையோடு படரும் சிறு பூண்டு. வேரோ மெலிந்து நீண்டு மணலுக்குள் இறங்கும்; நிறம் அவ்வேரின் தோலில் உள்ளது. மன்னாரிலும் யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் தீவுகளிலும் அது தானாகவே முளைத்தது. கடல் கடந்து சோழமண்டலக் கரைக்குச் சென்று, அங்குள்ள சாயக்காரர் கையில் சிவப்பாயிற்று. ஐரோப்பியச் சீமாட்டிகள் விரும்பி உடுத்த பூவேலைச் சீத்தைத் துணிகளின் சிவப்புக்கு இத்தகைய வேரே மூலம்.

யாழ்ப்பாணத்தை 1658இல் கைப்பற்றிய ஒல்லாந்தக் கொம்பனி இந்தப் பூண்டையும் விட்டுவைக்கவில்லை. 1697இல் யாழ்ப்பாணக் கொமாந்தர் சுவார்தெக்ரோன் தமக்குப் பின் நிருவாகம் செய்வோருக்கு எழுதிவைத்த நீண்ட குறிப்பில் சாயவேருக்கும் இடமுண்டு. வேர் தோண்டுவதைப் பரம்பரைக் கடமையாகச் சுமந்த ஒரு குலத்தவர் இருந்தனர். 'வேர்குத்திகள்' என்றே அவர்களுக்குப் பெயர். தோண்டிய வேரைக் கொம்பனிக்கே கொடுக்க வேண்டும்; விலையைக் குறிப்பதும் கொம்பனியே. 1796இல் வந்த பிரித்தானியரும் இவ்வருமானத்தை உடனே கைவிடவில்லை. கறுவாவையும் முத்தையும் யானையையும் சொல்லிக்கொடுக்கும் நம் வகுப்பறைகள் இம்மனிதரைப் பற்றிப் பேசுவது அரிது. கடும் வெயிலில் மணலைக் குத்தி, வேர் அறாமல் உருவி எடுத்தவனுக்கு அந்தச் சிவப்பில் ஒரு முழத் துணி கிடைத்திருக்குமா?

நீலத்தின் கதை இதனினும் கொடியது. அவுரி பயிரிட வற்புறுத்திய வெள்ளைத் தோட்டக்காரரை எதிர்த்து வங்காள உழவர் 1859இல் கிளர்ந்தெழுந்தனர். தீனபந்து மித்ரர் எழுதிய 'நீல தர்ப்பணம்' நாடகத்தின் ஆங்கிலப் பதிப்பை வெளியிட்டதற்காக ஜேம்ஸ் லாங் என்ற பாதிரியார் 1861இல் சிறை சென்றார்.

பின்னர் வந்தது நிலக்கரித் தார். சாயவேரின் சிவப்புக்கு உயிராகிய அலிசாரினை 1868இல் கிரேபே, லீபர்மான் என்ற ஜேர்மானியர் இருவர் தாரிலிருந்து ஆக்கினர். 1869 ஜூன் 25ஆம் திகதி அவர்கள் தரப்பு இங்கிலாந்தில் காப்புரிமை கேட்டது. மறுநாள் அதே சாயத்துக்கு ஆங்கிலேயரான பேர்கினும் கேட்டார். ஒரு நாள் இடைவெளியில் இரு தேச முதலாளிகள் பங்கிட்டுக்கொண்ட அச்சந்தையில் மன்னார் மணலுக்கு இடமில்லாமற் போயிற்று. 1897இல் செயற்கை நீலமும் விற்பனைக்கு வந்தது. வேர்குத்தியின் கட்டாயக் கடமை மறைந்தது நன்றே. அவனுடைய பிழைப்பும் அதனோடு மறைந்தது.

இனி மருதமுனைக்கு வருவோம். நூலும் சாயமும் வெளிநாட்டிலிருந்து வருகின்றன. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டபின் மலிவுத் துணி இறக்குமதியாகி, நாடெங்கும் கைத்தறியை நசுக்கியது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடற்கோள் ஊரின் கரையோரத்தை அழித்தபோது தறிகளும் போயின. எஞ்சியவர் மீண்டும் பாவு விரித்தனர். இத்தகைய ஊரிடம் 'இயற்கைச் சாயத்துக்குத் திரும்புங்கள்' என்று சொல்வது எளிது. வேர் முற்ற இரண்டு ஆண்டு காத்திருப்பது யார்? தோய்த்து உலர்த்தும் நாட்களுக்குக் கூலி கொடுப்பது யார்? படிகாரமும் செப்பு உப்பும் கலந்த கழிவுநீர் செடிச்சாயத்திலும் உண்டு என்பதைச் சொல்வது யார்?

இரசாயனச் சாயத்துக்காக நாம் வழக்காடவில்லை. புற்றுநோய் விளைக்கும் அமைன்களைத் தரும் அசோச் சாயங்களை ஜேர்மனி 1994இலேயே தடைசெய்தது. ஆயினும் அவற்றைக் கையால் கலக்கும் தொழிலாளியின் உடல் நலத்தை எந்தத் துணிக்கடையும் விசாரிப்பதில்லை. திருப்பூர்ச் சாயக்கழிவு நொய்யல் ஆற்றைக் கெடுத்து, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி உழவரை வருத்தியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. சுத்திகரிப்பின் பெருஞ்செலவைத் தாங்க வல்ல பட்டறைகளே பின்னர் நிலைக்க முடிந்தது. கூலிக்குச் சாயமிட்டவர் வேறு வேலை தேடினர். மருதமுனை மணலில் ஊற்றியது எதுவாயினும் பக்கத்துக் கிணற்றை அடைய நெடுநாள் ஆகாது. நெசவாளர் தாமே நிருவகிக்கும் ஒரு பொதுச் சாயச்சாலையும், அதற்கோர் கழிவுநீர்த் தொட்டியும், செடிச்சாயத்துக்காகும் மேலதிக நாட்களையும் கணக்கிட்டுக் கொடுக்கும் கூலியும் முதலில் வேண்டும். அவுரியையும் சாயவேரையும் எங்கே பயிரிடலாம் என்பதை அதன் பின் நெசவாளரோடு அமர்ந்து பேசுவோம்.