மார்பக எக்ஸ்-கதிர்ப் படவியல்

மார்பக எக்ஸ்-கதிர்ப் படவியல் என்பது, மார்பகத் திசுக்களைக் குறைந்த சக்தியுள்ள எக்ஸ்-கதிர்களால் படமெடுத்து, கைக்குப் புலப்படாத கட்டிகளையும் சூட்சுமமான சுண்ணப் படிவுகளையும் ஆரம்ப நிலையிலேயே கண்டறியும் முறையாகும். இதில் கிடைக்கும் படம் மேமோகிராம் எனப்படும்.

வகைகள்: பிலிம் முறை, டிஜிட்டல் முறை, பல கோணப் படங்களைக் கணினியால் இணைத்து அடுக்கடுக்காகக் காட்டும் டோமோசிந்தசிஸ், அயோடின் மருந்தை இரத்த நாளத்தில் செலுத்தி எடுக்கும் முறை என்பன. இரு தட்டுகளுக்கிடையே மார்பகத்தை அழுத்துவதால் படம் தெளிவடைவதோடு கதிரளவும் குறைகிறது. அடர்ந்த திசுவில் கட்டி மறைந்துவிடும் குறையை டோமோசிந்தசிஸ் பெரிதும் தணிக்கிறது.

வரலாறு: 1913-இல் பெர்லின் அறுவை மருத்துவர் ஆல்பர்ட் சாலமன், அறுத்தெடுத்த மார்பகங்களைப் படமெடுத்து ஆராய்ந்தார். 1960-இல் ராபர்ட் ஈகன் செம்மையான படமெடுப்பு முறையை வெளியிட்டார். டோமோசிந்தசிஸ் 2011-இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது.

தமிழகத்தில் புற்றுநோய் மருத்துவம்: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை 1954-ஆம் ஆண்டில் தோன்றியது.

முக்கியத்துவம்: இந்தியப் பெண்களிடையே முதன்மையான புற்றுநோய் மார்பகப் புற்றே. அரசின் தேசியப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் 30 முதல் 65 வயதினருக்கு மருத்துவப் பணியாளரின் கைப்பரிசோதனையையே முதற்படியாக விதித்திருப்பதால், மேமோகிராம் இங்குப் பெரும்பாலும் ஐயத்தைத் தெளிவிக்கும் அடுத்த கட்டச் சாதனமாகவே பயன்படுகிறது. நோயை உறுதிசெய்வது திசுப் பரிசோதனையே.