பொன்னாச்சியின் கோபம்

விலங்குகளை நாயகர்களாகக் கொண்ட குழந்தைகள் கார்ட்டூன் தொடர்களுக்கு எழுதப்படாத இலக்கணம் ஒன்று உண்டு. கூட்டத்தில் ஆகச் சிறிய உயிர்தான் ஆபத்தான நேரத்தில் கைகொடுக்கும். ஒவ்வொரு விலங்குக்கும் ஒரு தனித்திறமையும் அதற்கேற்ற ஒரு வேலையும் இருக்கும். கூப்பிட்டதும் ஓடிவரும், வேலை முடிந்ததும் பாராட்டுப் பெறும். அடுத்த பாகத்தில் எல்லாம் பழைய நிலையிலிருந்தே மறுபடி தொடங்கும். கனடாவில் உருவாகி 2013-இல் ஒளிபரப்பைத் தொடங்கி உலகெங்கும் பரவிய ‘பா பேட்ரோல்’ இதற்குத் தெளிவான உதாரணம். ரைடர் என்ற பத்து வயதுச் சிறுவன் அழைத்ததும் நாய்க்குட்டிகள் திரண்டு ஊரின் சிக்கலைத் தீர்க்கின்றன. பாகம் முடியும்போது யாருக்கும் யார்மீதும் பாக்கி இருப்பதில்லை. கொங்கு நாட்டின் கதைமரபில் விலங்கு நாயகர்கள் இதற்கு வெகுகாலம் முன்பே இருந்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் விஷயத்தில் அந்தப் பாக்கிதான் கதையை நடத்துகிறது. அங்கே விலங்கு மனிதனின் கூட்டாளி. மனிதன் அதற்குக் கடன்பட்டவன். உடுக்கைப் பாட்டிலிருந்து சினிமாவுக்கும், சினிமாவிலிருந்து தொலைக்காட்சிக்கும் வந்த வழியில் அந்தக் கடன் எப்படி இளைத்தது என்பதே இந்த வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டியது.

தொடக்கத்தை அண்ணன்மார் கதையில் காணலாம். பொன்னர், சங்கர், அவர்களுடைய தங்கை அருக்காணித் தங்காள் ஆகியோரின் கதையை உடுக்கை அடித்துப் பல இரவுகள் பாடுவது கொங்கு வழக்கம். 1960-களின் நடுவில் காங்கயம் பகுதியில் ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்வு செய்த கனடிய மானுடவியலாளர் பிரெண்டா பெக் இந்தப் பாடலை ஒலிநாடாவில் பதிவு செய்தார். பின்னாளில் அதைப் பற்றி நூல் எழுதியதோடு கதையை முழுமையாகவும் பதிப்பித்தார். அவர் பதிந்த கதையின் திருப்பமான பகுதி கொம்பன் என்ற காட்டுப்பன்றியின் வேட்டை. வேட்டைக்கு எல்லா நாய்களையும் திரட்டிச் செல்லும் வீரர்கள், பொன்னாச்சி என்ற சின்னஞ்சிறு பெண்நாயை மட்டும் விட்டுவிடுகிறார்கள். பொன்னாச்சிக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபத்தின் விளைவாகச் சங்கர் நோயில் விழுகிறான். காரணம் புரிந்தபின் ஆளனுப்பி முறைப்படி அழைத்துவருகிறார்கள். அவள் வந்து பன்றியின் உயிர்நிலையில் கடித்த பிறகே வெற்றி கைகூடுகிறது. சிறியது பெரியதை வீழ்த்தும் விதி இங்கே அப்படியே இருக்கிறது. அதற்கு முன் இன்னொரு விதியும் நிற்கிறது: மதிக்கத் தவறிய தலைவன் முதலில் அந்தத் தவற்றைச் சரிசெய்தாக வேண்டும்.

இந்த இரண்டாவது விதி எங்கிருந்து வந்தது என்பதற்குக் கொங்கு மண்ணின் உழைப்பே விடை. மழை குறைந்த பூமி, ஆழமான கிணறுகள். 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்து பம்புசெட்டுகள் பரவும்வரை காளைகளைப் பூட்டிக் கவலையில் நீர் இறைத்துத்தான் தோட்டம் பச்சை பிடித்தது. காங்கயம் காளையும் கண்ணபுரம் மாட்டுச்சந்தையும் பெயர்பெற்றது இந்தத் தேவையால்தான். மாட்டின் உழைப்பை நம்பி வாழ்ந்த குடும்பம் அதற்கு நன்றி சொல்ல ஒரு நாளை ஒதுக்கியது. கொங்கில் அதன் பெயர் பட்டிப் பொங்கல். தொழுவத்தில் சிறு தெப்பக்குளம் கட்டிப் பூசை செய்து, மாட்டை அதை மிதித்துக் கடக்கவிடுவார்கள். கோவையை அடுத்த பேரூரின் தலபுராணம் இதே உறவைத் தெய்வத்தின் அளவுக்கு உயர்த்துகிறது. காமதேனுவின் கன்று பட்டியின் குளம்பு பட்டு லிங்கத்தில் தழும்பு விழுகிறது. இறைவன் தண்டிக்கவில்லை, அந்தத் தழும்பை ஏற்றுப் பட்டீசுவரர் என்ற பெயரையும் தாங்குகிறார். உழைக்கும் உயிர் தன் பங்கைக் கேட்கலாம், தன் தடத்தையும் பதிக்கலாம் என்ற எண்ணம் களத்துமேட்டிலும் கோயிலிலும் ஒரே மாதிரி இருந்த ஊரில், ஒரு நாயின் கோபத்தால் வீரன் நோயில் விழுவது கேட்பவருக்கு வியப்பாக இருந்திருக்காது.

இந்த மரபைத் திரைக்கு எடுத்துச் சென்றவர் கோவை இராமநாதபுரத்தில் 1915-இல் பிறந்த சாண்டோ எம்.எம்.ஏ. சின்னப்பா தேவர். கோவையின் சென்ட்ரல் ஸ்டுடியோவில் சண்டைக் கலைஞராகவும் துணை நடிகராகவும் வளர்ந்த இவர் 1956-இல் தேவர் பிலிம்ஸைத் தொடங்கினார். முதல் படமான ‘தாய்க்குப்பின் தாரம்’ காளையை அடக்கும் வீரனைக் காட்டியது. 1967-இல் வந்த ‘தெய்வச்செயல்’ யானையைக் கதையின் நடுவில் வைத்தது. அதை ஒட்டி 1971-இல் இந்தியில் எடுத்த ‘ஹாத்தி மேரே சாத்தி’ பெருவெற்றி பெற்றது. 1972-இல் எம்.ஜி.ஆர். நடிக்க ‘நல்ல நேரம்’ என்று அது மறுபடி தமிழுக்கு வந்தது. ‘கோமாதா என் குலமாதா’, ‘ஆட்டுக்கார அலமேலு’ என்று பசுவும் ஆடும் வரிசையில் சேர்ந்தன. இந்தப் படங்களின் விலங்குகள் பேசுவதில்லை. ஆனால் நல்லவரைக் கண்டுகொள்ளும், கெட்டவனைத் துரத்தும், தேவைப்பட்டால் உயிரையும் விடும். ‘ஹாத்தி மேரே சாத்தி’யில் மனைவியின் சந்தேகத்துக்கு ஆளான யானை, கடைசியில் நாயகனுக்கு வந்த துப்பாக்கிக் குண்டைத் தான் வாங்கிச் சாகிறது. கடன் உணர்வு இங்கே மறையவில்லை, ஆனால் அதன் வடிவம் மாறுகிறது. பொன்னாச்சி தனக்குரியதை உயிரோடு இருக்கும்போதே கேட்டு வாங்கினாள். தேவரின் யானைக்கு இறந்தபின் கண்ணீர்தான் கிடைக்கிறது. விசுவாசம் மிஞ்சியது, உரிமை கழன்றுவிட்டது.

மூன்றாம் கட்டம் அனிமேஷன். தான் பதிந்த அண்ணன்மார் கதையையே பிரெண்டா பெக் பின்னாளில் 26 பாகங்கள் கொண்ட அனிமேஷன் தொடராக்கினார். பொன்னிவள நாட்டின் கதை என்று பெயர் சூட்டிய அந்தத் தொடர் கொங்கு மரபுக்கு அரிய பேறு. வேறெந்தத் தமிழ் நாட்டார் கதைப்பாடலுக்கும் இத்தனை விரிவான அனிமேஷன் கிடைத்ததாகத் தெரியவில்லை. எனினும் இன்று நம் பிள்ளைகள் தினமும் பார்ப்பவை முதலில் சொன்ன இலக்கணப்படி நடக்கும் தொடர்கள்தான். 2007-இல் தொடங்கிய சுட்டி டிவி வழியாகத் தமிழில் பேசத் தொடங்கிய பாத்திரங்களில் பலவும் வேறு நாடுகளில் எழுதப்பட்டவை. மொழி நம்முடையதாயிற்று, விலங்கோடு மனிதன் கொள்ளும் உறவுமுறை நம்முடையதாகவில்லை.

சிறியது வெல்வது உலகெங்கும் உள்ள கதைவடிவம், அதைக் கொங்குக்கே உரியது என்று எப்படிச் சொல்வது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பஞ்சதந்திரத்தில் எலி வலையைக் கடித்துப் புறாக்களை விடுவிக்கிறது, ஈசாப்பில் எலி சிங்கத்தைக் காக்கிறது. கதைவடிவம் பொதுவானதுதான். கொங்கு சேர்த்தது அந்தக் கோபமும் முறைப்படியான அழைப்பும். ஈசாப்பின் எலி, பட்ட நன்றிக்கடனைத் திருப்பிச் செலுத்துகிறது. பொன்னாச்சியோ, தனக்குச் செலுத்த வேண்டியதைக் கேட்கிறாள். இதைவிடக் கடினமான எதிர்வாதம் இன்னொன்று. அண்ணன்மார் கதை நிலவுடைமைக் குடியின் பெருமையைப் பாடுவது, வேட்டுவரை எதிரிகளாக்குவது, அதை எப்படிக் குழந்தைகளுக்கு முன்மாதிரியாக்குவது? கதையின் இந்த முகத்தை மறைக்கக் கூடாது. ஆனால் அதே கதையில் கொம்பனுக்கும் பெயர் உண்டு. அது வேட்டுவப் பெண்ணின் அன்புக்கு உரிய பன்றி, அவள் பக்கத்தில் நிற்கும் வீரன். எதிரியின் விலங்குக்கும் பெயரும் உறவும் கொடுக்கும் கதை, தான் சார்ந்த தரப்பின் பெருமைக்கு எதிரான சாட்சியையும் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. குழந்தைகளுக்குச் சொல்லும்போது அந்தச் சாட்சியை முன்னால் கொண்டுவருவது எழுதுபவரின் பொறுப்பு.

பிள்ளைகளுக்கு இவ்வளவு சிக்கல் தேவையா என்றும் கேட்பார்கள். விட்டுப்போனவரின் வருத்தம் குழந்தைக்குத்தான் முதலில் புரியும். விளையாட்டில் சேர்க்காமல் விட்டதன் வலியை அறியாத பிள்ளை எங்கும் இல்லை. போரையும் சாவையும் குறைத்துச் சொல்லலாம். பொன்னாச்சியின் கோபத்தைக் குறைக்க வேண்டிய அவசியம் இல்லை. கூப்பிட்டதும் வரும் நாய்க்குட்டி குழந்தைக்கு உதவும் குணத்தைக் கற்றுத்தருகிறது, அது நல்லது. தன்னை அழைக்காததைக் கேள்வி கேட்கும் நாய், உதவுகிறவரை மதிக்கும் கடமையையும் சேர்த்துக் கற்றுத்தருகிறது. தமிழில் விலங்கு நாயகர்களோடு தொடர் எழுத முன்வருகிறவர்கள் கொங்கின் உடுக்கைப் பாட்டிலிருந்து கண் விழித்துக் கேட்கும் பல இரவுகளின் அளவை எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. தவற்றை உணர்ந்து முறைப்படி அழைக்கும் அந்த ஒரு கட்டத்தை எடுத்துக்கொண்டால், நாயகனின் வெற்றிக்கு முன்பாக அவனுடைய பணிவைக் காட்டும் தொடர்கள் நம் பிள்ளைகளுக்குக் கிடைக்கும்.