சாகாத துப்பறிவாளனும் காலாவதியாகாத கொலைகளும்

கொலைக்குக் காலாவதி கிடையாது என்கிறது நியூயார்க் மாநிலச் சட்டம். அப்படியானால் அந்நகரத்துக்கு மிகப் பொருத்தமான துப்பறிவாளன் சாகாதவனாகத்தான் இருக்க முடியும். 2008இல் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் வந்து எட்டே எபிசோடுகளில் நின்றுபோன 'நியூ ஆம்ஸ்டர்டாம்' தொடர் இந்தச் சாத்தியத்தைக் கையில் வச்சிருந்தது. அதை என்ன செய்தது என்பதே என் கேள்வி.

கதை 1642இல் தொடங்குகிறது. டச்சுச் சிப்பாய் ஒருவன் சக சிப்பாயின் வாளுக்குக் குறுக்கே பாய்ந்து பூர்வகுடிப் பெண்ணொருத்தியைக் காப்பாற்றுகிறான். அவள் தரும் வரம்: உண்மையான காதலியைச் சந்திக்கும்வரை மரணமில்லை. இன்று அவன் ஜான் ஆம்ஸ்டர்டாம், கொலைவழக்குகளைத் துப்பறியும் போலீஸ்காரன்.

பிரதிக்கு வெளியே நடந்தது வேறு. 1643 பிப்ரவரியில் ஓரிரவு, டச்சுக் குடியேற்றத்தின் ஆளுநர் வில்லெம் கீஃப்ட்டின் உத்தரவில், எதிரிகளுக்குப் பயந்து அடைக்கலம் தேடி வந்திருந்த பூர்வகுடிகளைச் சிப்பாய்கள் வெட்டிக் கொன்றார்கள். இன்றைய ஜெர்சி சிட்டியிலிருக்கும் பவோனியாவில் சுமார் 80 பேர். மன்ஹாட்டனின் கார்லியர்ஸ் ஹூக்கில் சுமார் 40 பேர். தன் செயல்களுக்குப் பதில் சொல்ல ஹாலந்து திரும்பும் வழியில் 1647இல் கப்பல் மூழ்கிக் கீஃப்ட் செத்தான். கேஸ் முடியவேயில்லை.

அந்தக் காலத்தின் சாட்சி ஒருவன் அதே ஊரில், அதுவும் போலீஸ் பேட்ஜோடு திரிகிறான். அவன் தேடுவதோ காதலியை! காலனியத்தின் கடன் காதல் ஏக்கமாக உருமாற்றப்படுகிறது. ஒருத்தியைக் காப்பாற்றிய நல்லவன் என்ற ஒற்றைச் சித்திரத்துக்குள் சிப்பாய்க் கூட்டமே ஒளிந்துகொள்கிறது.

ஏபிசியின் 'ஃபாரெவர்' (2014-15) இதன் தம்பி. பிணப்பரிசோதனை மருத்துவர் ஹென்றி மார்கன், 1814இல் அடிமைக் கப்பலில் ஓர் அடிமைக்காகக் குறுக்கே நின்று சுடப்பட்டுச் சாகாவரம் பெற்றவர். நாஜி முகாமிலிருந்து மீட்கப்பட்ட குழந்தையை வளர்க்கிறார். அவன் கிழவனாகிறான், அப்பா இளமையாகவே இருக்கிறார். வரலாறு சாப்பாட்டு மேசையில் எதிரே வந்து உட்காருவது இங்கேதான். ஆனாலும் நாயகன் மறுபடியும் குற்றமற்ற மீட்பன்.

நான் முதலிடம் தருவது டொராண்டோவில் நடக்கும் 'ஃபாரெவர் நைட்'டுக்கு (1992-96). மலிவான தயாரிப்புதான், வசனமும் சுமார்தான். ஆனால் இரத்தக்காட்டேரியான துப்பறிவாளன் நிக் நைட் தானே கொன்றவன். பழைய சிலுவைப்போர் வீரன். பாவத்தைக் கழிக்க இராத்திரி டியூட்டி பார்க்கிறான். சாகாவரம் அவனுக்குத் தண்டனை. மறுபடி மனிதனாகி மரணத்துக்கு உட்படவே விரும்புகிறான். கொலைகாரனும் துப்பறிவாளனும் ஒரே உடம்பில் இருப்பதால் கடந்தகாலம் அவனுக்கு அலங்காரமாக முடிவதில்லை. குற்றவுணர்வு தனிமனிதனோடு நின்றுவிடுகிறது என்பதே அதன் எல்லை.

தனியாள் கொன்றால் வழக்கு, அதிகாரம் கொன்றால் வரலாறு: இந்தக் கோட்டைத்தான் துப்பறியும் கதையாடல் காவல் காக்கிறது. சாகாவரம் கொடுக்கத் தெரிந்த அந்தப் பெண் அதைத் தனக்கும் தன் ஜனத்துக்கும் ஏன் எடுத்துக்கொள்ளவில்லை? தொடருக்கு இந்தக் கேள்வி தோன்றவேயில்லை. அவளைத் துப்பறிவாளியாக்கி யாராவது எழுதட்டும். முதல் கேஸ் கீஃப்ட் மேல்தான் பதிவாகும்.