கப்பலில் ஏறிய கணிப்பொறி

கடற்படை என்றதும் நம் நினைவுக்கு வருபவை பீரங்கியும் மாலுமியின் வெள்ளைச் சட்டையுந்தாம். அந்தக் கப்பல்களில் செய்தி அனுப்பவும் கணக்குப் பார்க்கவுமே ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கிறது. அமெரிக்கக் கடற்படையில் இவ்வேலை வளர்ந்த கதையை இன்று கேட்போம்.

இரண்டாம் உலகப் போரின்போது, பீரங்கிக் குண்டு எந்தக் கோணத்தில் சுட்டால் எவ்வளவு தூரம் போகும் என்று அட்டவணை போட வேண்டியிருந்தது. மனிதர் கையால் போட்டு மாளாத கணக்கு அது. 1944-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ‘மார்க் 1’ என்ற இயந்திரம் கடற்படைக்காக ஓடத் தொடங்கிற்று. 51 அடி நீளம், 8 அடி உயரம், ஏறக்குறைய 5 டன் எடை. துளையிட்ட காகிதச் சுருளில் கட்டளைகளைப் பதித்துக் கொடுப்பார்கள். சாதாரண மாலுமிகளே இரவும் பகலும் முறைவைத்து அதை ஓட்டினார்கள்.

அங்கே வந்து சேர்ந்தவர்தான் கிரேஸ் ஹாப்பர் என்ற அம்மையார். கல்லூரியில் கணிதம் போதித்தவர். 1943 டிசம்பரில் கடற்படையில் சேர்ந்தபோது வயது 37. எடையும் விதியில் சொன்னதற்கு 15 பவுண்டு குறைவு. தனி அனுமதி பெற்றே நுழைந்தார். போர் முடிந்ததும் நிரந்தரப் பணி கேட்டார். வயது கடந்துவிட்டது என்று மறுத்துவிட்டார்கள். துணைப்படையில் மட்டும் இருந்துகொண்டு வெளியே ஒரு நிறுவனத்துக்குப் போனார். மனிதர் எழுதும் கட்டளையை இயந்திரத்தின் மொழிக்குத் தானே மாற்றிக்கொள்ளும் முறையை 1952-இல் செய்து காட்டினார். 1959-இல் உருவான ‘கோபால்’ மொழிக்கு அவருடைய வேலையே பெரிதும் அடிப்படை.

1966 முடிவில் வயதைக் காட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். மறு ஆண்டே கடற்படையின் கணிப்பொறி மொழிகள் ஆளுக்கொரு விதமாகக் குழம்பிக் கிடக்க, ஆறு மாதத்திற்கு என்று திரும்ப அழைத்தார்கள்! நடுவே சிறிது காலம் தவிர, அந்த ஆறு மாதம் 1986 வரை நீண்டது. ஓய்வு பெறும்போது அவருக்கு 79 வயது, பதவி ரியர் அட்மிரல். வேண்டாம் என்றவர்களே வந்து கூப்பிட்டதை நம் வீட்டுப் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

அட்மிரல் கதை ஒரு பக்கம். கீழ்நிலை மாலுமிகளின் கதை வேறு. 1948-இல் ‘இயந்திரக் கணக்கர்’ என்று ஒரு தொழிற்பிரிவு ஏற்பட்டது. நம் தோட்டத்துக் கிராணியார் செக்ரோலில் பேர் பதிவது போல, அவர்கள் துளை அட்டைகளில் பதிந்தார்கள். 1967-இல் அப்பிரிவின் பெயர் ‘தகவல் செயலாக்கத் தொழில்நுட்பர்’ என்றாயிற்று. மறுபுறம், தந்திக் குறியீட்டைக் காதால் கேட்டு எழுதிய வானொலி மாலுமிகள் இருந்தார்கள். செய்தியும் கணிப்பொறி வழியே போகத் தொடங்கியதும் இரு வேலையும் ஒன்றாய்க் கலந்தன. 1999-இல் ‘தகவல் முறைத் தொழில்நுட்பர்’ என்று பெயரிட்டார்கள்.

இவர்கள் பட்டதாரிகளாய் வரவேண்டியதில்லை. உயர்நிலைப் பள்ளி முடித்தவரைச் சேர்த்துக்கொண்டு, புளோரிடாவின் பென்சகோலா நகரில் கடற்படையே பயிற்சி தருகிறது. ஆனால் குடியுரிமை வேண்டும். இரகசியத்தை நம்பி ஒப்படைக்கத் தக்கவர்தானா என்று முன்வாழ்க்கையையும் விசாரிப்பார்கள். ஹாப்பர் பெயர் தாங்கிய போர்க்கப்பல் 1997-இல் பணிக்கு வந்தது. அதன் வலையமைப்பைக் கவனிப்பவர்களும் இந்தப் பிரிவினர்தாம்.