தாய்வழிச் சொத்தும் நகர் உருவாக்கமும்: பத்மநாபபுரத்தை முன்வைத்து

கட்டுமானம், நகரமைப்பு, ரியல் எஸ்டேட் ஆகிய துறைகளில் உயர்ந்த பெண்கள் தங்கள் தொழில் அனுபவங்களைப் பேசுவது அண்மைக்காலத்தில் பெருகியிருக்கிறது. துணிச்சல், விடாமுயற்சி, குடும்பத்தின் ஒத்துழைப்பு, வேலை நடக்கும் இடத்தில் கொத்தனார்களிடமும் ஒப்பந்தக்காரர்களிடமும் பெற வேண்டியிருந்த மரியாதை என்று அப்பேச்சுகளில் வருவன அனைத்தும் உண்மையே. ஆனால் அவற்றில் பெரும்பாலும் எழாத கேள்விகள் சில உண்டு. முதல் கட்டடம் யாருடைய மனையில் எழும்பியது? வங்கிக் கடனுக்கு ஈடாக வைத்த பத்திரம் யார் பெயரில் இருந்தது? விற்கவும் வாங்கவும் கையெழுத்திடும் அதிகாரம் யாரிடம் இருந்தது? இவற்றை விட்டுவிட்டுத் தலைமையைப் பற்றிப் பேசினால், தனிமனிதத் திறமையின் கதை மட்டுமே மிஞ்சும்.

சொத்தின் மீதான உரிமையும் அதை நிர்வகிக்கும் அதிகாரமும் ஒன்றல்ல. பெண்களின் நகர் உருவாக்க வரலாற்றை இவ்விரண்டுக்கும் இடையே உள்ள இடைவெளியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். வேணாட்டிலும் பின்னர் திருவிதாங்கூரிலும் அந்த இடைவெளி நூற்றாண்டுகளாக நீடித்தது. இரண்டும் ஒரே பெண்ணின் கையில் சேர்ந்த காலங்கள் மிகச் சில. சாதாரணக் குடிமக்களின் வீடு, நிலம், நீர்வழி பற்றிய விதிகள் அந்தச் சில காலங்களில் மாறியிருக்கின்றன.

இவ்வாதத்துக்குப் பத்மநாபபுரம் பொருத்தமான இடம். தக்கலையை அடுத்த இக்கோட்டை நகர், கல்குளம் என்ற பெயரில் வேணாட்டு அரசர்களின் இருப்பிடமாக இருந்து, மார்த்தாண்ட வர்மா காலத்தில் இப்போதைய பெயரைப் பெற்றது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தலைநகர் திருவனந்தபுரத்துக்குப் பெயரும் வரை ஆட்சிப்பீடமாக விளங்கியது. அரண்மனை வளாகத்தில் மிகப் பழைய பகுதி தாய்க்கொட்டாரம். இது 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தது என்பது மரபு. நடுவே வானம் பார்த்த முற்றம், முற்றத்தை நோக்கி நாற்புறமும் சரியும் கூரை, அதைத் தாங்கும் தூண்கள் என நாலுகட்டு வீட்டின் இலக்கணம் பிசகாமல் அமைந்திருக்கிறது. மழை பெய்தால் நீர் வீட்டின் நடுவிலேயே இறங்கும். அதனுள் இருக்கும் ஏகாந்த மண்டபத்தின் பலாமரத் தூணில் தச்சர்கள் இழைத்திருக்கும் பூவேலையை நெருங்கி நின்று பார்ப்பவர்கள், இந்தச் சிறிய கட்டடத்துக்கு எவ்வளவு மதிப்பு அளிக்கப்பட்டது என்பதை உணர்வார்கள். மந்திரசாலை, ஊட்டுப்புரை, உப்பரிகை மாளிகை, நவராத்திரி மண்டபம் போன்ற பெரிய கட்டடங்கள் இதைச் சூழ்ந்து வளர்ந்தன. தாய்வழி வீட்டை மையமாகக் கொண்டு ஓர் ஆட்சி நகரம் விரிந்தது என்று இந்த அமைப்பைக் கொள்ளலாம். ஆனால் அந்த வீட்டின் வழியாகப் பிறப்புரிமை பெற்ற மருமகன், அதாவது சகோதரியின் மகன், அமர்ந்து ஆண்டது மந்திரசாலையில்தான்.

அரச குடும்பத்தில் இருந்த இந்த ஏற்பாடு ஊர்க் குடும்பங்களிலும் இருந்தது. மருமக்கள்வழி என்ற தாய்வழி முறையில், தறவாடு என்ற கூட்டுக்குடும்பத்தின் சொத்து பெண்ணின் வயிற்றுவழியே இறங்கியது. பெண்ணுக்குப் பிறந்த வீட்டில் இருக்கும் உரிமையை எவராலும் பறிக்க முடியாதிருந்தது. ஆனால் குத்தகை பிரிப்பதும், நெல்லை அளப்பதும், கடன் வாங்குவதும், புதிய கட்டு எழுப்புவதும் காரணவர் என்ற மூத்த ஆணின் கையில் இருந்தன. நாஞ்சில்நாட்டு வேளாளர் தமிழ் பேசும் குடியாக இருந்தும் இம்முறையைப் பின்பற்றினர். ஒருவருடைய மக்களுக்கு உகந்துடைமை என்ற பங்கும், கைவிடப்பட்ட மனைவிக்கும் கைம்பெண்ணுக்கும் நங்குடைமை என்ற வாழ்க்கைப் படியும் வழக்கத்தில் இருந்தன. இவற்றைப் பெற எத்தனை வழக்குகள் நடந்தன என்பதற்கு இப்பகுதியின் பழைய நீதிமன்றப் பதிவுகளே சாட்சி. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ‘நாஞ்சில்நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ எழுதியபோது, காரணவர் ஒருவரின் ஐந்தாம் மனைவியைக் கதைசொல்லியாக்கினார். தாய்வழிச் சமூகத்தைப் பெண்ணின் பொற்காலமாகப் போற்றும் இன்றைய ஆர்வலர்கள் இந்தத் தேர்வைக் கவனிக்க வேண்டும். பிறந்த வீட்டில் உரிமையுள்ள அதே பெண், வாழ்க்கைப்பட்ட வீட்டில் கணவன் இறந்த மறுநாளே வழியற்று நின்றாள்.

இனி ஆட்சியில் இருந்த பெண்களுக்கு வருவோம். வேணாட்டு அரச குடும்பத்தின் ஆற்றிங்கல் ராணிகளுக்குத் தனி நிலமும் வருவாயும் இருந்தன. அவர்களது அதிகாரத்தின் எல்லை குறித்து வரலாற்றாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. 1677 முதல் உமையம்மை ராணி வேணாட்டின் ஆட்சிப் பொறுப்பேற்று நடத்தியதும், 1690களில் ஆங்கிலக் கம்பெனி அஞ்சுதெங்கில் கோட்டை கட்ட ஆற்றிங்கல் ராணியிடமே இசைவு பெற்றதும் தெளிவானவை. கடற்கரையில் ஒரு துண்டு நிலத்தைக் கொடுப்பதா மறுப்பதா என்ற முடிவு அந்தக் கரையின் எதிர்காலத்தையே தீர்மானித்தது.

ஆனால் என் வாதத்துக்கு மிக வலுவான சான்று கௌரி பார்வதி பாயின் காலம் (1815–1829). 1802இல் பிறந்தவர், பதின்மூன்று வயதில், தமக்கை கௌரி லட்சுமி பாயின் மறைவுக்குப் பின், குழந்தையாக இருந்த சுவாதித் திருநாளுக்காக ஆட்சியை ஏற்றார். மக்களின் கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்ற 1817ஆம் ஆண்டு ஆணையை எல்லாரும் குறிப்பிடுவர். நகர் உருவாக்கத்தை ஆராய்பவருக்கு அதைவிட முக்கியமான செயல்கள் மூன்று இருக்கின்றன. முதலாவது, ஓட்டுக்கூரை. வீட்டுக்கு ஓடு வேய்வது அதுவரை தகுதியைப் பொறுத்த சலுகை. அந்தஸ்து இல்லாதவன் ஓலைக்கூரையின் கீழ்தான் வாழ வேண்டும். எல்லா வகுப்பாரும் ஓடு வேயலாம் என்று பார்வதி பாய் அந்தத் தடையை நீக்கினார். கூரை மாறினால் நெருப்புக்கும் மழைக்கும் அஞ்சுவது குறைகிறது, சுவர் உயர்கிறது, வீடு ஒரு தலைமுறையைத் தாண்டி நிற்கும் சொத்தாகிறது. ஓலை வேய்ந்த குடிசையை யாரும் ஈடாக ஏற்பதில்லை.

இரண்டாவது, திருவனந்தபுரத்தைக் கடினங்குளம் காயலோடு இணைத்து 1820களில் வெட்டப்பட்ட கால்வாய். பார்வதி புத்தனார் என்று அவர் பெயராலேயே இன்றும் அழைக்கப்படுகிறது. புதிய தலைநகருக்குச் சரக்கு நீர்வழியே வந்து சேர வழிவகுத்த அடிப்படைக் கட்டுமானம் அது. மூன்றாவது, நாகர்கோவிலில் லண்டன் மிஷன் பாதிரிமாருக்கு ஒரு பங்களாவும், அவர்கள் நடத்திய பள்ளியின் செலவுக்கு வயல் வாங்க 5,000 ரூபாயும் அளித்தது. ரொக்கமாகக் கொடுத்து முடித்துவிடாமல், ஆண்டுதோறும் நெல் விளையும் நிலமாக அக்கொடையை மாற்ற வழிசெய்ததில்தான் இதன் சிறப்பு இருக்கிறது. அந்தப் பள்ளியின் வழியில் வளர்ந்ததே ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி. நிலத்தின் வருவாயைக் கொண்டு நிறுவனத்தை நிலைநிறுத்தும் உத்தி கோயில்களிலும் ஊட்டுப்புரைகளிலும் பழகியதுதான். அதை ஒரு புதிய கல்விச்சாலைக்குப் பொருத்திய நிர்வாக அறிவை நாம் மதிக்க வேண்டும்.

இதற்கு இரண்டு மறுப்புகள் எழலாம், இரண்டும் வலுவானவை. முதலாவது, கர்னல் மன்றோ போன்ற பிரிட்டிஷ் ரெசிடென்டுகளும் திவான்களும் செய்தவற்றை ராணியின் கணக்கில் எழுதுவது சரியா என்பது. ரெசிடென்டின் அழுத்தம் இருந்தது மெய். ஆனால் ஆண் அரசர்களின் காலத்திலும் திவான்களே ஆணைகளை வரைந்தனர். அங்கே நாம் புகழை அரசருக்கே கொடுக்கிறோம். அளவுகோல் இருவருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கடுமையானது. அது கல்குளம் வட்டாரத்திலிருந்தே எழுகிறது. கூரைத் தடையை நீக்கிய அதே பார்வதி பாயின் பெயரில்தான், 1829 பிப்ரவரியில், நாடார் பெண்கள் உயர்சாதிப் பெண்களைப் போல் மேலாடை அணியக் கூடாது என்ற அறிவிப்பும் வெளிவந்தது. 1823இல் பத்மநாபபுரம் நீதிமன்றம் கிறிஸ்தவப் பெண்கள் மார்பை மறைத்துச் சட்டை அணியலாம் என்று தீர்ப்பளித்திருந்தது. ஆறு ஆண்டுகளில் அரசு அதைச் சுருக்கியது. ஊரின் எல்லா மக்களுக்கும் ஓட்டுவீடு கிடைக்கலாம், ஆனால் அந்த வீட்டை விட்டு வெளியே தெருவில் நடக்கும் பெண்ணின் உடை சாதி வரம்பைத் தாண்டக் கூடாது என்ற நிலை அது. பெண் ஒருத்தி ஆட்சியில் இருப்பது எல்லாப் பெண்களுக்கும் விடுதலையாகிவிடாது. இதைச் சேர்த்துச் சொல்லாமல் பார்வதி பாயைப் போற்றினால், கன்னியாகுமரி மாவட்டத்தின் எத்தனையோ குடும்பங்களின் நினைவுக்குத் துரோகம் செய்தவர்களாவோம். கால்வாயும் சாலையும் கோட்டையும் கட்டப்பட்ட அக்காலத்தில் கூலியின்றி வேலை வாங்கும் ஊழிய முறை நடப்பில் இருந்ததையும் மறக்கலாகாது.

அடுத்த நூற்றாண்டில், சேது லட்சுமி பாய் 1924 முதல் 1931 வரை ஆட்சிப்பொறுப்பில் இருந்தபோதுதான் தாய்வழிச் சொத்து முறையே சட்டத்தால் உடைக்கப்பட்டது. 1925இல் நாயர் சட்டமும், கொல்லம் ஆண்டு 1101இல் (1926) நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டமும் வந்தன. தறவாட்டைப் பாகம் பிரிக்கவும், ஒருவரின் சொத்தில் அவர் மனைவி மக்கள் உரிமை பெறவும் வழி பிறந்தது. கவிமணியின் கதைசொல்லிக்கு நீதி கிடைத்தது என்றே சொல்லலாம். ஆனால் பாகம் பிரிந்ததும் வயல்கள் சென்ட் கணக்கில் துண்டாயின. நாலுகட்டு வீடுகள் மரத்துக்கும் கல்லுக்கும் விலைபோயின. நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் நெடுகிலும் சாலையோர மனைச் சந்தை உருவானதற்கு இந்தப் பிரிவினைகளும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. பெண்ணுக்குத் தனிப் பங்கு கிடைத்த அதே வேளையில், பிறந்த வீட்டில் யாரும் வெளியேற்ற முடியாத இடம் போயிற்று.

1956ஆம் ஆண்டு இருவகையில் முக்கியமானது. ஜூனில் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது. அதன் 3ஆம் பிரிவு மருமக்கள்வழிச் சட்டத்துக்கு விளக்கம் தரும்போது நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டத்தையும் கிருஷ்ணன்வகை மருமக்கள்வழியினர் சட்டத்தையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. பத்மநாபபுரம் அரண்மனையைக் கேரள அரசு தொடர்ந்து பராமரிக்க, அதைச் சுற்றியுள்ள வீடுகளின் சொத்துரிமை தமிழ்நாட்டுச் சட்டப் பாதையில் நடந்தது. மகள்களுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் சமபங்கு தந்த தமிழ்நாட்டுத் திருத்தம் 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்நாளுக்கு முன் மணமானவர்கள் விலக்கப்பட்டனர். 2005இல் மத்தியச் சட்டம் அந்தத் திருமண வரம்பை நீக்கியது.

இப்போது பெண்கள் பெயரில் பத்திரம் பதியச் சலுகையும் உண்டு: 2025 ஏப்ரல் 1 முதல் ரூ.10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்துக்குப் பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு குறைவு. ஒரு பதிவில் மிஞ்சுவது அதிகபட்சம் ரூ.10,000. தொகை சிறிதாயினும் திசை சரியானது. ஆனால் காரணவர் முறை நமக்குக் கற்றுத்தந்த எச்சரிக்கை இங்கே பொருந்தும். பத்திரத்தில் பெண்ணின் பெயர் ஏறுகிறது. கிரயம் பேசுவதும், கடன் வாங்குவதும், விற்க நாள் குறிப்பதும் கணவரோ சகோதரரோ தான். பொது அதிகாரப் பத்திரம் ஒன்றை எழுதி வாங்கிவிட்டால் கையெழுத்திடும் அதிகாரமும் அவரிடம் போய்விடும்.

இந்தப் பின்னணியில் தொழில்முறைப் பெண்களின் வரலாற்றைப் பார்த்தால் அது வேறு வெளிச்சத்தில் தெரிகிறது. கண்டியின் மினெட் டி சில்வா, 1948இல் பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் நிறுவனத்தில் இணை உறுப்பினரான முதல் ஆசியப் பெண். தன் தொழில் வாழ்வை விரிவாக நூலாக எழுதி வைத்தவர். அவருடைய முதல் வீடு பெற்றோரின் நண்பர்களுக்காகக் கட்டியது. அலுவலகம் குடும்ப வீட்டிலேயே நடந்தது. திறமை அவருடையது, அத்திறமை கால் ஊன்றியது குடும்பத்தின் மண்ணில். 1950களின் இறுதியில் அமைந்த வட்டப்புளுவ வீட்டுத் திட்டத்தில், குடியேறப்போகும் குடும்பங்களிடம் வினாப்பட்டியல் கொடுத்து அவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று கேட்டறிந்து வீடுகளை வகுத்தார். அரசு வீட்டுத் திட்டங்களில் இன்றும் அரிதாகவே நடக்கும் செயல் இது. இந்தியாவில் நவி மும்பைக்கான கருத்தை 1960களில் முன்வைத்த மூவரில் பிரவீணா மேத்தாவும் ஒருவர்; பொதுப்பேச்சில் எஞ்சியிருப்பது பெரும்பாலும் சார்லஸ் கொரியாவின் பெயர்தான். 1979இல் சென்னையில் சொந்த நிறுவனம் தொடங்கிய ஷீலா ஸ்ரீபிரகாஷ் அக்காலத்தில் அவ்வாறு துணிந்த மிகச் சிலருள் ஒருவர். இவர்களை ஊக்கக் கதைகளாக மட்டும் எழுதுவது அவர்களுக்கே குறை. அவர்களின் முதல் முதலீடு, முதல் வாடிக்கையாளர், கூட்டாளிகளோடு போட்ட ஒப்பந்தம், வரைபடத்தில் இட்ட கையெழுத்து ஆகியவையே பின்வருவோருக்குப் பயன்படும் தகவல்.

நகராட்சி மன்றங்களுக்கும் இதே கேள்வி உண்டு. தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டு, 2022இல் 21 மாநகராட்சிகளில் 11 மேயர் பதவிகள் பெண்களுக்குச் சென்றன. பத்மநாபபுரம் போன்ற சிறு நகராட்சியில் கட்டட அனுமதியும், வடிகாலும், சாலையோர ஆக்கிரமிப்பும்தான் உண்மையான நகர் உருவாக்கம். அந்தக் கோப்புகளைப் படித்து முடிவெடுப்பது உறுப்பினரா, அவருடைய கணவரா என்பதை ஆராய்ந்தால் ஒதுக்கீட்டின் பலனை அளந்தறியலாம். சித்தாளாகச் செங்கலும் கலவையும் சுமக்கும் பெண்ணைப் பற்றியும் இங்கே கேட்க வேண்டும். அவர் ஆயுள் முழுவதும் வேலை செய்தாலும் கொத்தனாராக உயர்வது அரிது. கரண்டியும் ரசமட்டமும் அவர் கைக்கு வருவதில்லை.

கன்னியாகுமரி மாவட்டத்தில் செய்யத்தக்க ஆய்வு ஒன்று உண்டு. சார்பதிவாளர் அலுவலகப் பதிவேடுகளில் 1926க்குப் பிந்தைய பாகப்பிரிவினைப் பத்திரங்களை எடுத்து, பெண்ணுக்கு வந்த பங்கு எத்தனை ஆண்டுகள் அவர் பெயரிலேயே நின்றது, யாருக்கு விற்கப்பட்டது, விற்பனையில் அவரே வந்து கையெழுத்திட்டாரா அல்லது அதிகாரம் பெற்றவர் வந்தாரா என்று பத்திரம் பத்திரமாகத் தொடர வேண்டும். அதே கேள்விகளோடு இன்றைய பெண் கட்டுமானத் தொழில்முனைவோரையும் நேர்காண வேண்டும்.